அமாவாசையில் ஓடிய தறி

நான் வளர்த்த தங்கைக்கு,

உன் கம்பெனிப் புடவைகள் நன்றாக விற்கின்றனவாம். சந்தோஷம். அந்த லாபத்தில்தான் நெசவாளர் பிள்ளைகளுக்கு நீ மாலை வகுப்பு நடத்துகிறாய் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

நேற்று அமாவாசை. நம் தெருவில் யாரும் தறியைத் தொடாத நாள். உன் வகுப்பிலிருந்து மட்டும் தறிச்சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். உன் கம்பெனிக்குப் பணம் போடப் பெங்களூரிலிருந்து வந்தவர்கள் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ அலங்காரத்துக்குப் போட்டு வைத்திருக்கும் தறியின் குழியில் என் மகள் ஜெயப்ரியா உட்கார்ந்திருந்தாள்.

அவள் கால் தறி மிதியில் படக்கூடாது என்றுதான் நானும் உன் மாமாவும் முதுகு ஒடிய நெய்கிறோம். நீயும் அந்தக் குழியில் இறங்காமல்தான் காலேஜ் வரை படித்தாய். உனக்குப் பதிலாக யார் இறங்கினார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

"இன்னாடி இது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

"கணக்கு போட்டுக்கினு இருக்கிற பொண்ணைக் காட்டினா யாரு காசு குடுப்பாங்கக்கா?"

வந்தவர்கள் எதிரில் சண்டை எதற்கு என்று திரும்பிவிட்டேன். வகுப்பு முடிந்ததும் ஜெயப்ரியா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க! சித்தியும் தட்டுச்சு. கணக்குல நூறு வாங்கினப்போகூட யாரும் தட்டலமா. நம்ம வீட்டுத் தறியில நானும் உக்காரட்டுமா?"

படித்தவள் நீதானே, வந்து நீயே அவளுக்குப் பதில் சொல்.

உன் அக்கா