ஸ்டீரியோ இல்லாத பெட்டி

பிப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானத்துக்குள் துணியெல்லாம் காய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் நேற்றே கப்பலேறிவிட்டார், வியாழன்தான் வருவார். வீடு அமைதி.

நளினி பங்குனி உத்திரத்துக்கான புதுப் பாட்டை அனுப்பியிருக்கிறாள். டெலானிபூரில் எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துப் பள்ளியில் டீச்சர், எங்கள் கோயில் பஜனைக் குழுவை நடத்துகிறவள். சென்னையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் தம்பி மெட்டமைத்ததாம். என் போனில் ஸ்பீக்கர் போய்விட்டதால் இயர்போன் மாட்டிக் கேட்டேன். ஆர்மோனியம், மிருதங்கம். பாட்டே இல்லை. வாத்தியத்தை மட்டும் அனுப்பிவிட்டாளோ?

பிறகுதான் உறைத்தது. பாடுகிற குரல் இயர்போனின் இடது பக்கத்தில் மட்டும் வருகிறது. என் இடது காது போன ஆடியில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. இயர்போனைப் பக்கம் மாற்றி மாட்டினால் நளினி பாடுகிறாள், தாளம் காணாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை.

காது விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். நளினியிடம் ஆபீசில் ஆடிட் என்று சொல்லித்தான் ஒத்திகைக்குப் போகாமல் இருக்கிறேன். கூட்டத்தில் யார் சுருதி எது என்று பிரிக்க முடியாமல் ஒருநாள் தப்பாகப் பாடினேன். திரும்பிப் பார்த்தார்கள். அதோடு சரி.

பிப்ரவரி 20, வியாழன்

அவர் வந்தார். தேங்காய் மூட்டை, நிறைய அழுக்குத் துணி. பாட்டு விஷயத்தைச் சொன்னேன். "பழைய போன்ல கேட்டா அப்படித்தான் இருக்கும் மீனா. பாட்டுக்குன்னே தனியா பிளேயர் வருது, வாங்கிருவோம்" என்றார். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவருக்கு எது பழுதானாலும் பாகத்தை மாற்ற வேண்டும். என் காதை மாற்ற முடியாத குறை அவருக்கு.

பிப்ரவரி 22, சனி

இவரோடு அபர்தீன் பஜாரில் தேவேந்திரன் கடை. உள்ளங்கையளவு பிளேயர், அதைவிடப் பெரிய அட்டைப்பெட்டி. ஹை-ரெஸ், லாஸ்லெஸ், முப்பத்திரண்டு பிட், எட்டு டி சவுண்ட். பெட்டி முழுக்க எழுத்து.

"லாஸ்லெஸ்னா என்னங்க?" என்றேன்.

"எதுவுமே விட்டுப்போகாது மேடம். பாட்டுல என்ன இருக்கோ பூரா காதுக்கு வந்துரும். ஏக்தம் பக்கா."

எதுவுமே விட்டுப்போகாது. வேறென்ன வேண்டும் எனக்கு? இவர் விலை பேசி முடிப்பதற்குள் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அந்த எட்டு டி-யை வைத்துக் கேட்டேன். பாட்டு தலையைச் சுற்றி வருமாம். எனக்கு அது வெளியே போய்ப் போய் வருகிறது! நளினி ஒரு வரி பாடுகிறாள், எங்கேயோ கிளம்பிப் போகிறாள், அடுத்த வரியில் பாதியோடு திரும்பி வருகிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இவரைக் கூப்பிட்டு விளக்கினேன், அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எட்டு டி-யை அணைத்துவிட்டேன். பாட்டு இப்போது எங்கும் போகாமல் பாதியாக நிற்கிறது.

மார்ச் 1, சனி

கோபத்தோடுதான் கடைக்குப் போனேன். தனியாக. பெட்டியை மேஜையில் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன்.

"லாஸ்லெஸ்?"

"அது பாட்ட சுருக்காம வச்சிருக்கிறது மேடம்."

"நான் போட்டது வாட்ஸ்அப்ல வந்த பாட்டு."

"அது ஏற்கெனவே சுருக்கினதாச்சே. அப்போ சுருங்கினபடியேதான் வரும்."

"ஹை-ரெஸ்னா?"

"அது ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கர்னா?"

"ஸ்டிக்கர்தான் மேடம். தங்கக் கலர்ல." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அரே, நானா எழுதுறேன்? கம்பெனிவாலா எழுதுறான். அவன் எழுதினத நான் சொல்றேன்."

இயர்போனின் வலது பக்கத்தை மட்டும் அவர் காதில் வைக்கச் சொன்னேன். மற்றக் காதை விரலால் அடைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"பாட்டு எங்க மேடம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எனக்கு இந்த ஒரு காதுதான்."

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? என் அக்காவிடம்கூடச் சொல்லாததை ஒரு கடைக்காரரிடம்! அவர் விரலைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றார். பிறகு பிளேயரின் மெனுவையெல்லாம் கிண்டினார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்க அதில் வழியே இல்லை. "இப்படி யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார் மெதுவாக. "வேற ஏதாவது எடுத்துக்கங்க. இத நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

என்ன எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு வந்தேன். ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது.

வண்டூருக்குப் போனோம். இவருடைய சிநேகிதர் ராக்கப்பன் அங்கே டூரிஸ்ட் படகு ஓட்டுகிறார். மீன் குழம்பு பிரமாதம். சாப்பிட்டுவிட்டுப் படகில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டியரிங் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. மெமரி கார்டு போட்டால் பாடும் மலிவான பெட்டி. உப்புக் காற்றில் அதன் கம்பி துருப்பிடித்திருந்தது. பிளேயரிலிருந்து எடுத்த கார்டு என் பர்ஸிலேயே இருந்தது. சும்மாதான் கொடுத்தேன், "இத போடுங்கண்ணே" என்று.

ஆர்மோனியம் வந்தது. மிருதங்கம் வந்தது. அதன் மேலேயே, அதனோடு சேர்ந்து, நளினி.

முழுசாக! சரணத்தில் இன்னொரு குரலும் இருக்கிறது, கீழ் சுருதியில் கூடவே போகிறது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது எனக்கு. நான் அழுவதைப் பார்த்து ராக்கப்பன் பயந்துவிட்டார். "என்னாச்சு தங்கச்சி, சத்தம் ஜாஸ்தியா?" "இல்லண்ணே, நிறுத்தாதீங்க."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் என்றார் ராக்கப்பன். இரண்டு பக்கமாக வருவதைப் பிரிக்க அதற்கு வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே வாயால் பாடுகிறது. எனக்கும் ஒரே காது. இவ்வளவுதானா விஷயம்?

மார்ச் 10, திங்கள்

ஆபீஸ் முடிந்து நேராக தேவேந்திரன் கடை. படகில் பார்த்த அதே பெட்டி அலமாரி நிறைய இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் 'சூப்பர் ஸ்டீரியோ 3டி'!

"இதுல ஸ்பீக்கர் ஒண்ணுதானே?" என்றேன்.

போன தடவை பட்ட பாடு நினைவு வந்திருக்கும். "சேச்சே! டபுள் மேடம், அசல் ஸ்டீரியோ" என்றார்.

"டபுள்னா எனக்கு வேண்டாம்."

"என்னது?"

"ஸ்டீரியோ இல்லன்னாத்தான் வேணும். உண்மையச் சொல்லுங்க."

என்னையே பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவர் எடுத்து முன்மூடியைக் கழற்றிக் காட்டினார். வலைக்குப் பின்னால் இரண்டு வட்டம். ஒன்றில் ஸ்பீக்கர், இன்னொன்று வெறும் பிளாஸ்டிக் கிண்ணம்.

"சுத்தப் பொய் மேடம்" என்றார், பெருமையாக. "ஸ்டீரியோவே கிடையாது!"

கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

ஒத்திகைக்குப் போனேன். ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லாரிடமும் காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நளினி கோபித்துக்கொண்டாள். "ஆடிட்டுன்னு சொன்னீங்களேக்கா! நான் உங்க ஆபீசர மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?" பிறகு என்னை வரிசையின் இடது கோடிக்கு நகர்த்தினாள். இப்போது எல்லாரும் என் வலது பக்கம். கீழ் சுருதிக் குரல் என்னுடையதாம். பெட்டியில் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. ஓரிடத்தில் தாளம் தவறினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நளினி என் வலது தோளைத் தட்டிச் சரிசெய்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

உத்திரம். காவடி கூட்டம், வெயில், கால் கொப்புளம். பாடினோம்.

ஏப்ரல் 12, சனி

தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. இவர் கார் நிக்கோபார் தீவிலிருந்து போன் செய்தார். நேற்று எப்படி இருந்தது என்று கேட்டார். நான் சொன்னதில் காற்றுதான் வந்தது.

"ஹலோ, மீனா? ஒண்ணுமே கேக்கல. லைன் சரியில்ல போல. உனக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.