தொலைந்த மூன்று குடைகள்

அக்கா,

சாப்பாட்டை அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. சாவியையும் இந்தச் சீட்டையும் மாடி வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

போன மாதம் நான் குடை வாடகைத் தொழில் பற்றிச் சொன்னபோது, "முதல்ல நீ தொலைச்ச மூணு குடையைக் கண்டுபிடி, அப்புறம் ஊருக்கு வாடகைக்கு விடலாம்" என்றாய். மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையில் நீ சொன்ன அதைத்தான் முதல் வரியாக எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் இன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. திட்டியதற்கு நன்றி.

பி.கு.: வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. உன் நீலக் குடையை எடுத்துப் போகிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் திருப்பிக் கொண்டுவந்து உன் கையில்தான் தருவேன்.