மாப்பிள்ளை இழுத்த சாயம்

ஜூன் 3

ஹெலன் காரியத்தைக் கெடுத்துவிட்டாள். துணி அச்சு மேசையில் எனக்கு எதிரே நின்று அச்சுச் சட்டத்தின் மேல் சாயம் இழுக்க ஆள் இல்லை என்று புலம்பினேன். அவள் போய் யாரைச் சேர்த்திருக்கிறாள்? என் மகள் ரோசினாவின் புருஷனை! மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே நிற்பதா? அவர் தலை தெரிந்ததுமே நான் பின்கதவு வழியாக ஓடினேன். அவர் முன்கதவு வழியாக ஓடியிருக்கிறார்.

“உங்களுக்குள்ள சண்டையா அக்கா?” என்கிறாள். எங்கள் கலைக்கூடத்துக்கு மேலாளராக நாங்கள் வைத்த ஆள், மெல்போர்னிலிருந்து வந்தவள். பாவம், புதிது.

சண்டை இல்லை, மரியாதை. எங்கள் பழங்குடி முறைப்படி மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அவர் பேரை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஜூன் 5

“டார்வின் ஃபேஷன் ஷோ ஆகஸ்ட்ல. பேசாம துணிய சிட்னி மில்லுக்கு அனுப்பி அடிச்சிடலாம்க்கா” என்றாள் ஹெலன்.

அனுப்ப மாட்டேன். துணிக்கு நான் வரைந்த காட்டுத் தக்காளி என் அப்பாவின் நிலத்துச் செடி. வரைய எனக்கு உரிமை உண்டு. மில்காரனுக்கு என்ன உரிமை? என் கவுன் துணி எங்கள் மேசையில்தான் அச்சாகும். அதை உடுத்திக்கொண்டு மேடையில் நான் நடப்பேன்.

ஜூன் 9

வழி கிடைத்தது. காலையில் மாப்பிள்ளை ஹெலனோடு சேர்ந்து இலையும் காம்பும் அடிப்பார். அவர் போனபிறகு மதியம் நான் வந்து மஞ்சள் பழம் அடிப்பேன்.

ஜூன் 20

பாழ்! பழமெல்லாம் காம்பை விட்டு விலகி அந்தரத்தில் தொங்குகிறது. அச்சுச் சட்டத்தை எங்கே வைத்தார் என்று மேசையில் ஒரு குறியும் இல்லை. நான் எப்படிக் கேட்பேன்? ஐயோ, இவ்வளவு துணி... அழுதுவிட்டேன்.

“இப்பவும் மில்லு இருக்குக்கா—”

முடியாது.

ஜூன் 21

காலையில் மாப்பிள்ளை உள்ளே வேலையாக இருந்தார். நான் வெளியே சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எங்கள் நாயை உரக்கத் திட்டினேன்.

“ஏ நாயே! சட்டம் வைக்கிற எடத்துல ஒரு கோடு போட்டா உன் வாலு தேஞ்சா போயிடும்? பின்னால வர்றவ என்ன ஜோசியமா பாப்பா?”

ரோசினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “போதும்மா, அதுக்கு அழுகையே வந்துடும்!”

மதியம் போய்ப் பார்த்தேன். மேசை விளிம்பு முழுக்கச் சாக்குக்கட்டிக் கோடுகள்.

ஜூன் 27

பழம் காம்பில் உட்கார்ந்துவிட்டது!

ஆகஸ்ட் 6, டார்வின்

நேற்று நடந்தேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று. நான் மேடையேறும் முன்பே மாப்பிள்ளை வெளியே போய்விட்டாராம். முறை அதுதான். இருந்தும், இலை அடித்தவர் பார்க்கவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

இன்று காலை கடற்கரையில் ரோசினாவோடு அவர் தூரத்தில் வந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று திரும்பிக்கொண்டார். முதுகில் எங்கள் துணியில் தைத்த சட்டை. ஒரு பழம்கூடக் காம்பை விட்டு விலகவில்லை.

இங்கே நாய் ஏதும் இல்லை. கடலைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: “நல்லா இழுத்திருக்கார்!”

அவர் திரும்பவில்லை. கை மட்டும் மேலே போய்ச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது.