பாட்டாகிப்போன கடிதம்

பேக்கர்ஸ்ஃபீல்ட்,
நவம்பர் 1972

அன்புள்ள உனக்கு,

வக்கீல் அனுப்பிய காகிதம் வந்தது. அந்தப் பாட்டை நீ நம் சமையலறையில் உட்கார்ந்து எழுதியதைக் கண்ணால் பார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

உன்மேல் வழக்குப் போட்ட க்ளீட்டஸும் வந்துபோனான். "மெட்டு எங்கப்பன் பருத்திக் காட்டுல பாடினது, தங்கச்சி. அதுல டிரம்ஸ அடிச்சு ராக் மியூசிக்குன்னு விக்கிறாங்க. வார்த்தையும் என்னோடதுதான். சத்தியமாச் சொல்லு, 'விளக்க அணைக்காம வெச்சிருக்கேன்'னு ஒரு வரி யோசிக்கிற ஆளா உன் புருஷன்?" என்றான்.

"இல்ல, அவன் அணைச்சுட்டுப் படுக்குற ஆளு" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

பாட்டு முடியும்போது அறையில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதியவர்கள் என்று போடுவது பாட்டுக்காரர்களான உங்கள் வழக்கம். நான் அறையில் இல்லை. இங்கே லோர்னாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது நான் உனக்கு எழுதிய கடிதம்தான் அந்தப் பாட்டு; ஒரு சொல்லையும் நீ மாற்றவில்லை. 'வந்துவிடு' என்பதை மட்டும் பல்லவியாக்கி மூன்று முறை பாடுகிறாய். அழகாகத்தான் இருக்கிறது. ரேடியோவில் கேட்டால் லோர்னா "அப்பா!" என்று பெட்டியின் பின்னால் போய்த் தேடுகிறாள்.

ஊர் ஊராகப் பாடினாய். வரவில்லை.

வழக்கு முடிந்தால் வருகிறேன் என்றாயே, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பாட்டு உன்னுடையதாகவே இருக்கட்டும்.

நேற்றிலிருந்து லோர்னாவுக்கு மறுபடியும் நூற்றுமூன்று டிகிரி. இந்தக் கடிதத்தையாவது கிதாரை எடுக்காமல் படி.

இப்படிக்கு,
விளக்கை இன்னும் அணைக்காதவள்