வத்தல் ரூமில் மூச்சுப் பயிற்சி வேண்டாம்

மார்புக் கட்டியைச் சோதித்த முடிவை வாங்க மதுரைக்குத் தனியாகத்தான் போவேன் என்று கோகிலாம்பாள் சொன்னதும், கணவர் இன்பராஜ் கோபித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். "நீங்க வந்தா உங்களையில்ல நான் பாத்துக்கணும்" என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள்.

"சோறும் கருவாட்டுக் கொழம்பும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மொளகா வத்தல் வாங்க கமுதிக்காரர் வந்தா நாளைக்கு வரச் சொல்லுங்க. நெஞ்சு படபடன்னு வந்தா, டாக்டர் சொன்னாப்புல மூக்கு வழியா மெதுவா இழுத்து, அதவிட மெதுவா விடுங்க. நேத்து மாதிரி வத்தல் மூடை அடுக்குன ரூமுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காராதீக. நெடியில இருமிட்டு, உசுரே போச்சுன்னு பயந்தீகளே! வாசல்ல வேப்பமரத்தடியில உக்காருங்க."

அவர் வந்ததும் எப்படியும் மூடைகளைத்தான் முதலில் பார்ப்பார். சீட்டை மேல் மூடையில் கோணி ஊசியால் குத்திவைத்தாள்.

வாசலில் செருப்பை மாட்டினாள். அவருக்குச் சொன்னபடியே தானும் மூச்சை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பாதியிலேயே அடைத்துக்கொண்டது. திரும்பி உள்ளே போய், சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்:

"ரிசல்ட் கவரைப் பிரிக்க முன்னாடி போன் அடிப்பேன். கோவத்துல எடுக்காம இருந்துறாதீக. ஒண்ணும் பேச வேண்டாம். மெதுவா மூச்சு மட்டும் விடுங்க. எனக்கு அது கேக்கணும்."