முற்றிய தேங்காயின் தண்ணீர்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை தன் கையாலேயே எழுதுவது. நீயும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதப் பேனா நகரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, பொறுமையாகப் படி. எதிர்வீட்டுத் தையல்காரியின் அண்ணன் நாளை உன் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீதான் எங்கள் போனை எடுப்பதில்லையே.

உன் வீட்டுக்காரன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இன்றோடு எட்டு நாள். மூன்று முறை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். முகம் வற்றிவிட்டது. பேச்சு காற்றாகத்தான் வருகிறது.

நான் வேலை பார்க்கும் சமையல்கூடத்தில் தினமும் இருபது தேங்காய் உரித்து உடைக்கிறேன், உனக்குத் தெரியும். துருவல் முதலாளிக்கு, மிச்சமெல்லாம் எனக்கு. நாரை வைத்துத்தான் நம் வீட்டுப் பாத்திரம் எல்லாம் தேய்க்கிறேன். ஓடு வெந்நீர் அடுப்புக்கு. பால் பிழிந்த சக்கையைத் தையல்காரியின் கோழிகள் தின்கின்றன. ஒரு துளி குப்பைக்குப் போனதில்லை. நீ கல்யாணமாகி வந்த நாலாம் நாள் தேங்காயை உடைத்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாய். விரலில் புது மோதிரம். "எங்கம்மா வீட்டுல யாரும் குடிக்க மாட்டோம் அத்தை" என்றாய். உன் அம்மா வீட்டுக் கொழுப்பு என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னேன். பதினாலு வருஷமாகியும் நான் அதை மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றே வைத்திருந்தேன்.

நீ பேத்தியோடு வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது அவனுக்கு ஆகாததை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாய். மூன்றாவது வரி இளநீர். "கண்ணுலகூடக் காட்டாதீங்க அத்தை, கிட்னி போனவருக்கு நெஞ்சே நின்னுடும்" என்று வாயாலும் சொன்னாய். நான் காட்டவில்லை. இளநீர் விற்கும் தெரு வழியாகக்கூட அவனை அழைத்துப் போகவில்லை.

ஆனால் முற்றிய தேங்காயின் தண்ணீரை இளநீர் என்று யார் சொல்வார்கள்? இரண்டும் வேறு வேறு என்றுதான் எனக்கு நினைப்பு. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அவனுக்கு அளவு. மத்தியானமே தீர்ந்துவிடும். பிறகு வெறும் டம்ளரை நக்குவான். பெற்றவள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? சமையல்கூடத்தில் உடைத்த தேங்காயின் தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து அரை டம்ளர் கொடுத்தேன். "இது குடிக்கலாமாம்மா?" என்றான். "எழுதினவ படிச்சவதானே, ஆகாதுன்னா இதையும் எழுதியிருப்பாளே" என்றேன். சிரித்துக்கொண்டே குடித்தான். மறுநாள் முழு டம்ளர். இப்படிப் பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் குளியலறை வாசலில் விழுந்தான்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தெருவில் தானே இளநீர் வாங்கிக் குடித்துவிட்டதாக அவன் சொல்லிவிட்டான். போனில் அவன் உன்னிடம் சொன்னதும் அதே பொய்தான். "சாகணும்னா சாவுங்க, நான் இங்க யாருக்காக உழைக்கிறேன்" என்று கத்திவிட்டு வைத்தாய். அதோடு எங்கள் போனை எடுப்பதில்லை. நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். உன்னிடம் தோற்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் என் பிள்ளையைக் குற்றவாளியாக நிற்க விட்டேன்.

நேற்று டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "அவருக்கு ரெண்டுமே ஒண்ணுதான் பாட்டி" என்றார். அதற்குமேல் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நீ அன்று சாக்கடையில் கொட்டியதுபோல நானும் அந்தத் தண்ணீரைக் கொட்டியிருக்கலாம். அவன் நெஞ்சு இன்னும் சீராகவில்லை, வர வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்.

அவன் போனைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறான். மணி அடித்தால் நீதான் என்று உடனே எடுக்கிறான். மருந்துக்கடைக்காரராக இருந்தால் என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான்.

என்னைத் திட்டு. பேத்தியிடமும் சொல், பாட்டிதான் செய்தாள் என்று. இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன் என்றிருந்தேன். இப்போது கேட்கிறேன். உடனே கிளம்ப முடியாவிட்டால் ஒரு போனாவது செய். "சாப்பிட்டீங்களா" என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் பேசி முடிக்கும்வரை நான் அறைக்கு வெளியே போய் நிற்கிறேன்.

நீ, அவன், பேத்தி, மூன்று பேரும் மூன்று பேராகவே இருக்க வேண்டும்.

உன் அத்தை