மாத்திரையை விட்டுப் போனவளுக்கு

திருவிடைமருதூர்,
ஐப்பசி 9

ஆனந்தவல்லிக்கு, துரைக்கண்ணு எழுதுவது. நான் நலம். நீ நலமில்லை என்பது தெரியும். இல்லையென்று சாதிக்க வேண்டாம்.

பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா தேடி அலமாரியைத் திறந்தேன். உன் பட்டுப்புடவைக்கு அடியில் மூன்று மாத மாத்திரையும் அட்டை பிரிக்காமல் இருக்கிறது. மஸ்கட்டுக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "எல்லாம் எடுத்து வச்சாச்சுங்க" என்றாயே. மகள் பார்த்தால் என்ன ஏதென்று கேட்பாள், அதுதானே? போனில் கேட்கலாமென்றால் தர்ஷினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தஞ்சாவூர் டாக்டரம்மா எத்தனை முறை சொன்னார்கள்? "தோலை இறுக்குற நோய்தாங்க உணவுக்குழாயையும் கெடுத்திருக்கு. எரிச்சல் தெரியலேன்னாலும் அமிலம் மேல ஏறும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க." நீ நன்றாகத் தலையாட்டினாய். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் மிளகாய் பஜ்ஜி வாங்கினாய்.

போன தையில் படுக்கையிலேயே புரையேறி, அது நுரையீரலுக்குள் இறங்கி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அப்போதும் தர்ஷினியிடம் வெறும் காய்ச்சல் என்று என்னைச் சொல்லவைத்தாய். நானும் சொன்னேன், புத்தி கெட்டுப்போய்.

எதிர்வீட்டு அன்சார் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான். மாத்திரையும் டாக்டர் சீட்டும் கொடுத்தனுப்புகிறேன். காலையில் முதலில் மாத்திரை, அரைமணி கழித்துத்தான் இட்லி. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. இரவு ஏழுக்குமேல் எதுவும் வேண்டாம். சாப்பிட்ட கையோடு குனிந்து குழந்தையைக் குளிப்பாட்டாதே. கட்டிலின் தலைமாட்டை உயர்த்திக்கொள். இங்கே உன் கட்டிலுக்கு வைத்த செங்கல்லை நான் எடுக்கவில்லை. அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன், காலையில் சறுக்கிக் கால்மாட்டில் கிடக்கிறேன்.

போன வாரம், "இட்லிகூட தொண்டையில நிக்குதுங்க, இந்த ஊர் மாவு சரியில்ல" என்று சிரித்தாய். தர்ஷினியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவின்மேல் பழி போடாதே. அதை அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டியாக வேண்டும். மகளுக்குத் தெரியாமல் அது நடக்காது.

அதனால் அவளுக்கும் ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, மாத்திரையோடு வைத்திருக்கிறேன். எல்லாம் அதில் இருக்கிறது. நேரே அவள் கையிலேயே கொடுக்கச் சொல்லி அன்சாரிடம் சொல்ல வாயெடுத்தேன். உனக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை.

பேத்திக்கு என் ஆசி. அந்தக் கடிதத்தை நீயே மகளிடம் கொடு, வல்லி. பிரிக்காமல் கொடு.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
துரைக்கண்ணு